உங்க மேல எனக்கு ஃபுல் கான்ஃபிடன்ஸ்

‘உங்க மேல எனக்கு ஃபுல் கான்ஃபிடன்ஸ் இருக்கு’ என்ற வாக்கியத்தை ஒரு தடவைகூடக் கேட்காமல் வேலை பார்த்து முடித்தவர் இருப்பாரா என்பது சந்தேகம்தான். மேலாளர் சொல்வார், வாடிக்கையாளர் சொல்வார், பரீட்சைக்குக் கிளம்பும் பிள்ளையிடம் அப்பா சொல்வார். அதுவரை முழுக்கத் தமிழில் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட சரியாக இந்த இடம் வந்ததும் இங்கிலீஷுக்குத் தாவிவிடுகிறார்கள். ஃபுல் கான்ஃபிடன்ஸ், கம்ப்ளீட் டிரஸ்ட், ஹண்ட்ரட் பர்சென்ட். சொல்கிறவர் முகத்தில் ஒரு திருப்தி தெரியும், கேட்டவரும் ‘தேங்க்யூ சார்’ என்று சொல்லிவிட்டு எழுந்து வருவார். நல்ல வார்த்தைதானே, இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் பல வருடம் நானும் நினைத்தேன். இந்த வார்த்தை சொல்லப்பட்ட பிறகு என்ன நடக்கிறது என்று கவனிக்கத் தொடங்கியதிலிருந்து அப்படி விட்டுவிட முடியவில்லை.

கவனிக்க வைத்தது ஒரு பழைய வேலை. அந்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். ஒரு பெரிய வாடிக்கையாளரின் மொத்தக் கணக்கையும் என் பொறுப்பில் விட்டார்கள். எல்லோரும் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் எங்கள் மேலாளர் என் பக்கம் கையைக் காட்டி, ‘ஐ ஹேவ் ஃபுல் கான்ஃபிடன்ஸ் இன் ஹிம்’ என்றார். இரண்டு பேர் கை தட்டினார்கள். அன்று சாயங்காலமே ஒரு மெயில் வந்தது: வெளியே போகும் ஒவ்வொரு மெயிலிலும் அவரை சிசி-யில் போட வேண்டும், வரைவு எதுவானாலும் முதலில் இன்னொருவர் பார்த்து ஓகே சொல்ல வேண்டும். அப்புறம்தான் தெரிந்தது, ஏதாவது என்றால் நேராகத் தன்னையே கூப்பிடும்படி வாடிக்கையாளரிடமும் தனியாகச் சொல்லி வைத்திருக்கிறார் என்று. சரிபார்த்ததில் எனக்கு வருத்தமே இல்லை, புதிய பொறுப்பு, பெரிய தொகை, பார்க்கத்தான் வேண்டும். என்னைக் குடைந்தது வேறு. வேலை அதிகமாகி, இன்னும் ஒரு ஆள் வேண்டும் என்று கேட்கப் போனேன். ‘அதெல்லாம் உங்களால முடியும், அதான் ஃபுல் கான்ஃபிடன்ஸ்னு அன்னிக்கே சொன்னேனே’ என்று பேச்சை முடித்துவிட்டார். அதற்கு மேல் என்ன பேச முடியும்? உதவி கேட்டால் அவர் வைத்த நம்பிக்கைக்கு நான் தகுதியில்லாதவன் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

பிறகு ஒரு அறிக்கை தாமதமானபோது அதே வார்த்தை இறந்தகாலத்தில் வந்தது. ‘உங்க மேல எவ்வளவு கான்ஃபிடன்ஸ் வெச்சிருந்தேன்.’ நான் கேட்காமலேயே கைமாற்றாகக் கொடுத்துவிட்டு, ஒரு நாள் வட்டியோடு வந்து நின்று கேட்கிற மாதிரி இருந்தது. அந்த ஆளைப் பற்றிக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் கெட்டவர் இல்லை, அவர் மேல் அவருக்கு மேலே இருந்தவர்கள் வைத்த அழுத்தமும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த வார்த்தை அங்கே என்ன வேலை செய்தது என்பதை நான் விடாமல் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பொறுப்பு முழுவதும் என்னிடம் வந்துவிட்டது, அதிகாரம் எதுவும் வரவில்லை, கேள்வி கேட்கும் வழியும் அடைந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பாராட்டு ஒட்டியிருந்ததால் புகார் சொல்லவும் வாய் வரவில்லை.

ஆயிரம் சதவீதம்

இந்த வார்த்தையின் கதி என்ன என்று பார்க்க அமெரிக்க அரசியலைப் போல வசதியான இடம் இல்லை. 1972 ஜூலையில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்ன், மிசௌரி மாகாண செனட்டர் தாமஸ் ஈகிள்டனைத் துணை அதிபர் வேட்பாளராக அறிவித்தார். வேறு சிலர் மறுத்துவிட்டதால் கடைசி நாளில் அவசர அவசரமாக எடுத்த முடிவு. பெரிதாக யாரும் எதையும் விசாரிக்கவில்லை, போனில் கேட்டதோடு சரி. ஜூலை 25 அன்று ஈகிள்டன் தானே செய்தியாளர்களிடம் சொன்னார்: மனச்சோர்வுக்காகத் தான் மூன்று முறை மருத்துவமனையில் சேர்ந்ததும், மின்னதிர்ச்சி சிகிச்சை எடுத்துக்கொண்டதும் அன்றுதான் வெளியே வந்தன. கேள்விகள் கிளம்பியபோது மெக்கவர்ன், தான் ‘ஆயிரம் சதவீதம்’ ஈகிள்டன் பக்கம் என்றார், அவரை மாற்றும் எண்ணமே இல்லை என்றார். ஜூலை 31 அன்று ஈகிள்டன் விலகினார், அதாவது விலக வைக்கப்பட்டார். அவர் வேட்பாளராக இருந்தது 18 நாள். அந்த நவம்பரில் எதிர்த்து நின்ற அதிபர் நிக்சன் 49 மாகாணங்களை ஜெயித்தார், மெக்கவர்னுக்குக் கிடைத்தது மாசசூசெட்ஸும் தலைநகர் வாஷிங்டனும் மட்டும்.

மெக்கவர்ன் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. சொன்ன அன்று அவர் மனதார நம்பியிருக்கக்கூடும். என்றாலும் அந்த எண்ணைப் பாருங்கள். நூறுக்கு மேல் நம்பிக்கைக்கு இடமே கிடையாது, அவர் அதைப் போல் பத்து மடங்குக்குப் போனார். ‘அவர்தான் வேட்பாளர், வேலையைப் பார்க்கிறோம்’ என்று சாதாரணமாகச் சொல்லியிருக்கலாம். சதவீதத்தை ஏற்ற ஏற்ற, உள்ளே எவ்வளவு குறைந்துவிட்டது என்பதுதான் எல்லோர் காதிலும் விழுந்தது. ‘தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்’ என்ற குறளின் இரண்டு பாதியும் இந்தப் பதினெட்டு நாளுக்குள் நடந்து முடிந்துவிட்டன. விசாரிக்காமல் தேர்ந்தெடுத்தார், தேர்ந்தெடுத்த பிறகு சந்தேகப்பட்டார். இதில் எனக்கு மிகவும் உறைத்தது ஈகிள்டனின் பிற்பாடு. மிசௌரி வாக்காளர்கள் அவரை 1974-லும் 1980-லும் திரும்பவும் செனட்டுக்கு அனுப்பினார்கள், 1987 தொடக்கம் வரை அவர் அங்கே இருந்தார். ஆயிரம் சதவீதம் என்று யாரும் அவர்களைச் சொல்லச் சொல்லவில்லை. அவர்களுக்கு அவரைத் தெரியும், ஓட்டுப் போட்டார்கள்.

இதற்குப் பிறகும் எத்தனையோ. 2017 பிப்ரவரி 13 பிற்பகல், தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மைக்கேல் ஃபிளின் மீது அதிபர் டிரம்புக்கு ‘ஃபுல் கான்ஃபிடன்ஸ்’ இருப்பதாக வெள்ளை மாளிகை சார்பில் கெல்லியான் கான்வே தொலைக்காட்சியில் சொன்னார். அன்று இரவே ஃபிளின் ராஜினாமா. கால்பந்து கிளப்புகளில் பயிற்சியாளருக்கு நிர்வாகம் ‘வோட் ஆஃப் கான்ஃபிடன்ஸ்’ கொடுத்தால், ரசிகர்கள் அடுத்த பயிற்சியாளர் யார் என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். அமெரிக்கக் கடற்படை ஒரு கப்பலின் தலைமை அதிகாரியை நீக்கும்போது வழக்கமாகச் சொல்லும் காரணமும் இதுதான்: கட்டளையிடும் திறமை மீது ‘லாஸ் ஆஃப் கான்ஃபிடன்ஸ்’. என்ன தவறு நடந்தது என்று பல சமயம் அதற்கு மேல் சொல்லமாட்டார்கள்.

எல்லா இடத்திலும் ஒன்றைக் கவனித்தேன். யாரோ கேட்டதால்தான் இந்த வார்த்தை வெளியே வந்திருக்கிறது. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது, ‘அவர் மேல உங்களுக்கு நம்பிக்கை இருக்கா?’ என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கேள்வி வந்துவிட்டது என்றாலே எங்கோ புகைகிறது என்று அர்த்தம். பதில் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அந்தக் கேள்வியின் வாசனை அதில் ஒட்டிக்கொண்டுதான் வரும். கேட்காத இடத்தில் வலியப் போய் ஒருவர் இதைச் சொல்கிறார் என்றால், தனக்குத்தானே கேட்டுக்கொண்ட கேள்விக்கு அவர் உரக்கப் பதில் சொல்கிறார் என்றே எனக்குத் தோன்றும்.

சொல்கிறவர் எங்கே இருக்கிறார்

ஏன் இங்கிலீஷில் சொல்கிறோம்? பழக்கம், மரியாதை, அலுவலக பாஷை என்று காரணம் சொல்லலாம், எல்லாம் உண்மைதான். ஆனால் தமிழில் இதையே சொல்லிப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. ‘உங்களை நம்பித்தான் இருக்கேன்.’ ‘உன்னை நம்பித்தான் இதுல இறங்கினேன்.’ இப்படிச் சொல்லும்போது சொல்கிறவர் அந்த வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறார். நீ கைவிட்டால் நான் விழுவேன் என்று ஒத்துக்கொள்கிறார். அதனால்தான் மேலதிகாரி ஒருவர் தனக்குக் கீழே இருப்பவரிடம் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறார். ஃபுல் கான்ஃபிடன்ஸில் அந்தச் சங்கடம் இல்லை. கேட்கிறவருக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கிறது, சொல்கிறவர் எதையும் பணயம் வைக்கவில்லை. இங்கிலீஷ்காரர்களும் மனதாரச் சொல்ல நினைத்தால் இப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொல்வதில்லை. என் உயிரையே அவரிடம் ஒப்படைப்பேன், என் குழந்தையை அவரிடம் விட்டுவிட்டுப் போவேன் என்று எதைக் கொடுப்பார்கள் என்பதைச் சொல்கிறார்கள். எந்த பாஷையில் சொன்னாலும், சொல்கிறவர் எதைப் பணயம் வைக்கிறார் என்று பார்த்தால் போதும். நம்பிக்கையின் அளவு அங்கேதான் தெரியும்.

இந்த முடிவுக்கு நான் யோசித்து வரவில்லை, ஒருவரிடம் வேலை பார்த்து வந்தேன். முதலில் சொன்ன இடத்தை விட்டு வந்த பிறகு சேர்ந்த அலுவலகத்தில் மேடம் ஒருவர் இருந்தார். வெளியே போகும் முக்கியமான கடிதங்கள் எல்லாம் அவர் கையெழுத்தில் போகும், எழுதுவது நாங்கள். சேர்ந்த புதிதில் நான் எழுதிக் கொடுத்த கடிதம் திரும்பி வந்தபோது வெள்ளைத் தாளே தெரியவில்லை. பென்சிலில் எழுதுவார், பொடி எழுத்து, ஓரமெல்லாம் நிரம்பியிருக்கும். ‘இந்தத் தொகை எங்கிருந்து?’, ‘இவர் இதைப் படித்தால் கோபப்படுவாரா, யோசிக்கவும்’, ‘இரண்டாவது பத்தி எதற்கு?’ ஒரு தடவைகூட நன்றாக இருக்கிறது என்று எழுதியதில்லை. சரியாக இருந்த வரிகளுக்குப் பக்கத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு டிக், அவ்வளவுதான். நாளாக ஆக எழுத்து குறைந்தது, டிக் கூடியது. ஒரு கட்டத்தில் பக்கத்துக்கு ஒரு டிக்தான் இருக்கும், கீழே, கையெழுத்துக்கு மேலே. அதையும் நான் உட்கார்ந்து பார்ப்பேன். இந்தப் பக்கத்தை அவர் எவ்வளவு வேகமாகப் படித்திருப்பார் என்று அந்த டிக்கின் சாய்வைப் பார்த்தே கணக்குப் போடுவேன்.

அப்புறம் ஒரு நாள். ஒரு தகராறான விஷயம், எதிர்த்தரப்பு வக்கீலை வைத்துப் பேச ஆரம்பித்திருந்தது, நாங்கள் அனுப்பும் பதிலில் ஒரு வார்த்தை பிசகினாலும் மாட்டிக்கொள்வோம். நான் வரைவை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். மேடம் கிளம்பிக்கொண்டிருந்தார், பையில் ஏதோ தேடிக்கொண்டே, ‘தொகையெல்லாம் ஒருக்கா பார்த்துட்டீங்கல்ல?’ என்று கேட்டார். பார்த்துவிட்டேன் என்றேன். கையை நீட்டித் தாளை வாங்கினார், கடைசிப் பக்கத்தைத் திருப்பினார், கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை. முதல் பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ‘அனுப்பிடுங்க’ என்று சொல்லிவிட்டுப் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். நான் ‘மேடம், நீங்க ஒரு தடவை…’ என்று ஆரம்பித்தேன். ‘நீங்க பார்த்துட்டீங்கன்னு சொன்னீங்களே’ என்றார். அதில் பாராட்டும் இல்லை, கண்டிப்பும் இல்லை, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வாரே அந்தக் குரல்.

நான் என் மேஜைக்கு வந்து அந்தக் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். ஒவ்வொரு எண்ணையும் மூலத்தோடு வைத்துப் பார்த்தேன். முந்தைய அலுவலகத்தில் ஃபுல் கான்ஃபிடன்ஸ் வாங்கிக்கொண்டு வந்த அன்று எனக்கு ஏற்பட்டது பயம், என்ன ஆனாலும் என் தலையில் விழும் என்ற பயம். இங்கே வந்தது அது இல்லை. அந்தக் கடிதத்தில் தப்பு இருந்தால் அது அவர் பெயரில் போகும், வக்கீல் அவரைத்தான் கூப்பிடுவார், எனக்கு ஒன்றும் ஆகாது. அது தெரிந்தே அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒருவர் தன்னுடைய பெயரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனது அதுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் அவர் எழுதித் தள்ளிய அத்தனை பென்சில் குறிப்பும் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. அவர் என் கடிதத்தை மட்டும் திருத்திக்கொண்டிருக்கவில்லை, என்னைப் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்த அன்று நிறுத்திவிட்டார்.

சரிபார்ப்பதும் நம்புவதும் எதிரெதிர் என்று நினைப்பவர்களோடு எனக்கு இங்கேதான் ஒத்துவரவில்லை. 1987 டிசம்பர் 8 அன்று வாஷிங்டனில் ஏவுகணை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது அமெரிக்க அதிபர் ரீகன், ‘நம்பு, ஆனால் சரிபார்’ என்ற ரஷ்யப் பழமொழியைச் சொன்னார். ஒவ்வொரு சந்திப்பிலும் இதையே சொல்கிறீர்களே என்று சோவியத் தலைவர் கோர்பச்சேவ் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் விஷயம் பழமொழியோடு நிற்கவில்லை. இரண்டு நாடுகளும் தங்கள் தளங்களுக்குள் எதிராளியின் ஆய்வாளர்களை வரவிட்டன, 1991-க்குள் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. ஒளிக்காமல், இதைப் பார்ப்போம், இப்படிப் பார்ப்போம் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு பார்ப்பது யாரையும் அவமானப்படுத்துவதில்லை. என்னை அவமானப்படுத்தியது, முழுசாக நம்புகிறேன் என்று மேடையில் சொல்லிவிட்டுப் பின்னால் இன்னொருவரை வைத்துப் பார்த்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன் என்று நேராகச் சொல்லியிருந்தால் நிம்மதியாக வேலை செய்திருப்பேன்.

கை மாறும்போது

விமானிகளிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. இரண்டு பேர் ஓட்டும் விமானத்தில் கட்டுப்பாட்டை ஒருவர் மற்றவரிடம் கொடுக்கும்போது வாயால் சொல்லியாக வேண்டும். கொடுப்பவர் ‘யூ ஹேவ் கண்ட்ரோல்’ என்பார், வாங்குபவர் ‘ஐ ஹேவ் கண்ட்ரோல்’ என்பார், சில இடங்களில் கொடுத்தவர் இன்னொரு முறை உறுதி செய்வார். இப்போது யார் ஓட்டுகிறார்கள் என்பதில் ஒரு நொடிகூட சந்தேகம் இருக்கக் கூடாது, இருவரும் ஓட்டுவதாக நினைத்தாலும் ஆபத்து, யாருமே ஓட்டாவிட்டாலும் ஆபத்து. எனக்கு இந்த இங்கிலீஷ் வாக்கியம் ரொம்பப் பிடிக்கும். உன்னைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று அதில் ஒன்றுமே இல்லை, என்ன கொடுத்தேன் என்பது மட்டும் இருக்கிறது. கொடுத்தவர் கையை எடுத்துவிடுகிறார், அதே சமயம் கருவிகளைப் பார்த்துக்கொண்டும் இருக்கிறார், ஏதாவது தவறினால் சொல்வது அவர் கடமை. கேட்கிறவருக்கும் அது தெரியும், அதில் யாருக்கும் வருத்தம் இல்லை.

அலெக்சாண்டரைப் பற்றிப் பழைய வரலாற்றாசிரியர்கள் சொல்லும் ஒரு சம்பவத்தையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பொதுயுகத்துக்கு முன் 333, தார்சஸ் நகரம். குளிர்ந்த ஆற்றில் குளித்துவிட்டு அலெக்சாண்டர் கடும் காய்ச்சலில் விழுந்தார். மருத்துவர் பிலிப்பு ஒரு மருந்து தயாரித்துக்கொண்டிருந்தபோது தளபதி பார்மேனியனிடமிருந்து கடிதம் வருகிறது: பிலிப்பைப் பாரசீக அரசன் விலைக்கு வாங்கிவிட்டான், விஷம் வைக்கப் போகிறான், ஜாக்கிரதை. பிலிப்பு கோப்பையோடு உள்ளே வந்ததும் அலெக்சாண்டர் ஒரு கையால் கடிதத்தை அவரிடம் கொடுத்துவிட்டு மறு கையால் கோப்பையை வாங்கிக் குடித்தார். ஒருவர் படிக்கிறார், ஒருவர் குடிக்கிறார். மருந்து வேலை செய்தது, அந்த ஆண்டே இஸ்ஸஸ் போரில் ஜெயித்தார். உன்னை முழுசாக நம்புகிறேன் என்று அவர் வாயைத் திறந்து சொல்லத் தேவையே இருக்கவில்லை, கோப்பை காலியாகிவிட்டது. ஆனால் இதோடு நிறுத்தி அவரை உயர்த்திப் பேசவும் எனக்கு மனம் வரவில்லை. மூன்று ஆண்டு கழித்து, சதிக் குற்றச்சாட்டில் பார்மேனியனின் மகன் கொல்லப்பட்ட பிறகு, அந்தக் கிழத் தளபதியையும் விசாரணை இல்லாமலே கொன்றுவிடச் சொல்லி ஆள் அனுப்பியவரும் இதே அலெக்சாண்டர்தான். எச்சரித்துக் கடிதம் எழுதியவரின் கதி அப்படி ஆயிற்று. ஒருவரிடம் உயிரையே கொடுக்கத் தெரிந்தவருக்கு இன்னொருவரைக் கேட்டுப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

இதையெல்லாம் நான் சொல்லும்போது நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி நியாயமானது. வேலைக்குச் சரி, வீட்டில் என்ன செய்வாய்? மகள் புது ஊருக்குப் படிக்கப் போகிறாள், பயத்தோடு நிற்கிறாள், அவளிடம் போய் எந்த விஷயத்தில் உன்னை எவ்வளவு நம்புகிறேன் என்று பட்டியல் போடுவாயா? போடமாட்டேன். அங்கே ‘உன் மேல எனக்கு நம்பிக்கை இருக்கு’ என்று சொல்வது தெம்பு கொடுக்க, அதைச் சொல்லத்தான் வேண்டும், எந்த பாஷையில் வேண்டுமானாலும் சொல்லலாம். கேட்கிற பிள்ளைக்கும் அது தெரியும். ஆனால் அதைச் சொல்லிவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு வீடியோ கால் போட்டு அறையைச் சுற்றிக் காட்டச் சொல்கிறோமே, அங்கேதான் என் பிரச்சினை தொடங்குகிறது. சொல்லாமலே இருந்திருந்தால் அந்த கால் வெறும் பாசமாக இருந்திருக்கும். சொன்னபிறகு வரும்போது அது சோதனையாகிவிடுகிறது. பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிடச் சீக்கிரம் கண்டுபிடிக்கிறார்கள். கவலையாக இருக்கிறது என்றால் கவலையாக இருக்கிறது என்று சொல்லலாமே. அதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை, பிள்ளைக்கும் எதற்கு இந்த கால் என்று புரியும்.

சிபாரிசுக் கடிதங்கள்

இப்போது நான் இருக்கும் இடத்தில் சிபாரிசுக் கடிதம் கேட்டு இளையவர்கள் வருகிறார்கள். இந்தக் கடிதங்களுக்கென்றே ஒரு இங்கிலீஷ் இருக்கிறது: ‘வித் ஃபுல் கான்ஃபிடன்ஸ்’, ‘விதவுட் ரிசர்வேஷன்’. எல்லோருடைய கடிதத்திலும் இது இருப்பதால் படிக்கிறவர் கண் இந்த வரியில் நிற்பதே இல்லை, நானே எத்தனையோ கடிதங்களில் தாண்டிப் போயிருக்கிறேன். ஆனால் இதை எழுதாமல் விட்டால், ஏன் விட்டார் என்று யோசிப்பார்கள் என்ற பயமும் உண்டு. அதனால் அந்த வரியை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, மேலே வேறு மாதிரி எழுத ஆரம்பித்திருக்கிறேன். இந்தப் பையனிடம் மாதக் கடைசிக் கணக்கைக் கொடுத்துவிட்டு நான் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். இந்தப் பெண் அனுப்பும் கடிதத்தில் என் கையெழுத்து படிக்காமலே விழுகிறது. கோபமாக வரும் வாடிக்கையாளரைத் தனியாக இவரிடம் இன்னும் அனுப்பவில்லை, கூட ஒருவர் இருந்தால் நன்றாகச் சமாளிப்பார்.

இந்தக் கடைசி வாக்கியம் மாதிரி ஏதாவது எழுதினால், அனுப்புவதற்கு முன் சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுகிறேன். ஒரு பெண் படித்துவிட்டு, ‘சார், இதை எடுத்துடலாமா?’ என்று கேட்டாள். எடுக்கலாம், ஆனால் எடுத்தால் மேலே இருக்கும் இரண்டு வரியையும் அவர்கள் நம்பமாட்டார்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள், இருக்கட்டும் என்றாள். போகும்போது கதவருகே நின்று, ‘கணக்கை நீங்க திரும்பிப் பார்க்கறதில்லைன்னு எனக்குத் தெரியாது சார்’ என்றாள். எப்போதிலிருந்து என்று கேட்டாள். போன வருட ஆடிட் முடிந்ததிலிருந்து என்றேன்.